ஏழாவது வீட்டு முகவரி

சந்தாரெமில் இரவு பதினொன்றே கால்.
மருத்துவப் படகு ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.
குளிர்பெட்டியில் முப்பத்தொரு இன்சுலின் குப்பி.
அச்சடித்த தாளில் முப்பது முகவரி.

யாரோ ஒருவர் விட்டுப்போயிருக்கிறார்.
பெயர் தெரியும்: தோனா எதெல்சூயிதா.
வீடுதான் கிடைக்கவில்லை.

ஆறு ஒரு அட்டவணை.
அதற்குள் ஊர் ஒரு அட்டவணை,
ஊருக்குள் வீடு,
வீட்டுக்குள் சர்க்கரை அளவு, பிள்ளைகள், நாய்,
எல்லாம் நசில்தோ தட்டச்சு செய்தது.
வாயில் வருவதை அப்படியே அடிப்பான்.
கோடு, இடைவெளி, ஒற்றைக் குறி,
ஒன்றையும் விடமாட்டான்.

நான் லுவாவில் எழுதுகிறேன்.
எங்கள் பேச்சில் லுவா என்றால் நிலா.
இன்றைக்கு மழை, மேலே அது இல்லை.

தூக்கக் கலக்கம்.
புள்ளி வைத்தே பழகிய கை
ஆறு, புள்ளி, போக்கா-தோ-ஜாக்கு என்று அடித்தது.
கொக்கு வாய் மாதிரி வளைந்த ஓடைக்கு
அங்கே போய் முகம் கழுவியவர்கள் வைத்த பெயர்.
இயந்திரமோ நடுக்கோட்டைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டு
வாயிலிருந்து எதையோ கழிக்கப் பார்த்தது.
கழிக்க வேண்டியதாக எதிரே நின்றது 'தோ'.
நாங்கள் ஊருக்கு ஊர் சொல்லும் 'உடைய'.
அதன் காதில் அது 'டூ',
தனக்கென்று அது ஒதுக்கிவைத்த சொல்.
அவ்வளவுதான்,
சின்னப் பிள்ளை மாதிரி
டூ விட்டுவிட்டது என்னோடு.

ரியோவில் பிறந்த மொழி,
பெயர் எங்கள் பெயர்,
கட்டளைச் சொல் மட்டும் வெளியூர்.
அலுத்துக்கொள்ள நேரமில்லை.
சதுர அடைப்பு திறந்தேன்,
மேற்கோள் குறி இட்டேன்,
ஊர்ப் பெயரை உள்ளே முழுசாக வைத்தேன்,
ஒரு கோடும் குறையாமல்.
ஊர் திறந்தது.

இனி வீடு. ஏழு என்று கேட்டேன்.
நில் என்றது.

நில் என்றால் அதன் அகராதியில் இல்லை.
நான் நின்றுதான் போனேன்.
இல்லாத வீட்டுக்குள் போய்
முகவரி என்ன என்று மேலும் கேட்டபோது
சிவப்பில் கத்தியது.
ஒன்றுமில்லாததற்குள் கை விடாதே என்று.

காப்பி ஆறிவிட்டது.
ஊரில் உள்ள சாவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.
ஆறு, எட்டு,
'8 பின்னால்', 'பாப்டிஸ்ட் கோயில் படகுத்துறை',
'மாமியாரோடு சண்டைக்கு முன்',
ஏழு.
இருக்கிறது! கண்ணெதிரே இருக்கிறது!
கேட்டால் இல்லை என்கிறது.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.
நான் கேட்டது எண்ணிக்கையில் வரும் ஏழு.
நசில்தோ வைத்தது
கதவில் சுண்ணாம்பால் எழுதிய ஏழு.
அதைக் கூட்ட முடியாது,
எட்டுக்கு முன்னால் வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.
இரண்டும் ஒன்று என்று
ஒரு மனிதரிடம் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

மேற்கோளுக்குள் ஏழு. வீடு திறந்தது.

கடைசிச் சாவி 'எண்ட்'.
கடித உறைகளில் முகவரிக்கு
நாங்கள் போடும் சுருக்கம்.
புள்ளி வைத்தேன், மறுபடி புத்தி கெட்டு.
முடிவு என்று கேட்டுக்கொண்டு
அங்கேயே முடித்துவிடப் பார்த்தது.
ஒரு பெண்ணின் முகவரி
எப்படி முடிவாகும்?
அடைப்பு. குறி. எண்ட். குறி. அடைப்பு.

வந்தது:
'எரிந்த சமௌமா மரம் தாண்டி,
கறுப்பு நாய் குரைக்கிற பக்கம்.
வெள்ளக் காலத்தில் ஜன்னல்தான் வாசல்.'

நாலே முக்காலுக்குத் துறையில்
தாளை நசில்தோவிடம் நீட்டினேன்.
டார்ச் அடித்துப் படித்தான்.
'நாய் ஜூனில் செத்துப்போச்சு, ஒஸ்மரீனா.'

அப்படியென்றால் மாற்றட்டுமா என்றேன்.

'வேண்டாம். எல்லாருக்கும் இன்னும் அந்தப் பக்கம்தான்.'
தாளை நாலாக மடித்துச்
சட்டைப் பைக்குள் போட்டான்.
வழியில் எடுத்துப் பார்க்கமாட்டான், தெரியும்.
முப்பத்தொன்று என்று
குப்பிகளை மட்டும் இன்னொரு தடவை எண்ணினான்.